கூட நிற்க ஓர் ஆள்

அசாமின் திப்ரூகரில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில் வந்து நிற்கிறது. நாட்டிலேயே மிக நீண்ட தூரம் போகும் ரயில் அது. வைஷ்ணவதேவி கோயிலுக்குப் பக்கத்திலுள்ள கத்ராவிலிருந்து வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸுக்கும் இதுதான் கடைசி நிலையம். போகுமிடம் தெரியாமல், சீட்டு எடுக்காமல், எங்கோ ஒரு பிளாட்பாரத்தில் ஏறிவிட்டவர் தூங்கி எழுந்தால் இங்கேதான் இறங்கியாக வேண்டும். அதற்கு மேல் கடல். இறங்கியவர் மேற்கே நடந்தால் மணக்குடி, பள்ளம், இராஜாக்கமங்கலம், மண்டைக்காடு, குளச்சல் என்று கடற்கரைச் சாலை அவரை இழுத்துக்கொண்டு போகும்.

தெருவில் கிடப்பவர் எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட பிள்ளைகளால் வெளியே விடப்பட்ட தாய், குடியால் வீட்டை இழந்தவர், மனநோய் முற்றியதால் வீட்டாரால் வைத்துக்கொள்ள முடியாமல் போனவர் என உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். கோயில் படிப்புரை, பேருந்து நிழற்குடை, பூட்டிய கடையின் திண்ணை, இவைதான் அவர்களுக்குக் கூரை. மண்டைக்காட்டு மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், ஆடி அமாவாசைக்குக் குமரிக் கடற்கரை என்று ஊர்த் திருவிழாக்களின் கூட்டத்தோடு அவர்களும் இடம் மாறுகிறார்கள்.

குமரி மாவட்டத்து மக்கள் இப்படிப்பட்டவர்களைப் பட்டினி போடுவதில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நிழற்குடையில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் இரண்டாம் நாளே டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் நீட்டுவார். யாராவது பொதிச்சோறு கொண்டுவந்து வைப்பார்கள். மழைக்காலத்தில் பழைய போர்வை ஒன்று வந்து சேரும். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கிவைத்த கூட்டு உணவும் அன்னதருமமும் ஊர் ஊராக இருக்கும் நிழல்தாங்கல் என்ற வழிபாட்டு இடங்களில் இன்றைக்கும் நடக்கின்றன. திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பதினெட்டுச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் இறைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நடத்திக் காட்டிய மண் இது. வடசேரியில் இரட்சணிய சேனையின் கேதரின் பூத் மருத்துவமனை 1890-களில் ஒரு சின்ன மருந்தகமாகத் தொடங்கியது. அந்தச் சேனையே லண்டன் தெருக்களில் வீடற்றுக் கிடந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து வளர்ந்த இயக்கம்.

ஆகவே இங்கே கொடுக்கும் மனதுக்குப் பஞ்சமில்லை. கொடுப்பது எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. பொதிச்சோறு கொடுத்தவர் போய்விடுகிறார்; சாப்பிட்டவர் அதே நிழற்குடையில் இருக்கிறார். ஆறு மாதம் கழித்தும் இருக்கிறார். காலில் புண் பெரிதாகியிருக்கிறது.

புண் பெரிதானால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இராஜாக்கமங்கலத்திலிருந்து அதிக தூரமில்லை. மனநலப் பிரிவும் உண்டு, மருந்தும் இலவசம். யாராவது 108-க்குப் போன் செய்து ஏற்றியும் விடலாம். ஆனால் தமிழ்நாட்டில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனவருக்கும் அங்கே கேட்கும் முதல் கேள்வி தெரியும்: கூட யாரு வந்திருக்கா? சீட்டு வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, ரத்தம் ஏற்பாடு செய்ய, கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு போக, கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். குடும்பம் இருக்கிறவர்களே முறைவைத்து நின்று களைத்துப்போகும் வேலை அது. குடும்பம் இல்லாதவர் மூன்றாம் நாள் வார்டிலிருந்து நழுவிப் பழைய இடத்துக்கே வந்துவிடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வீடில்லாதவருக்கு முதலில் இல்லாமல் போனது வீடு அன்று, ஆள். தரும காசு அந்த ஆளை வாங்கித் தரும்போதுதான் மனிதர்கள் தெருவிலிருந்து எழுந்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலேயே இதற்கு முப்பது ஆண்டு அனுபவம் உண்டு.

1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் கிடந்த மனநலம் குன்றிய பெண்களுக்காகத் தி பான்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னால் முகப்பேரில் ‘அடைக்கலம்’ இல்லம் எழுந்தது. ஆரம்ப காலத்தில் தனியார் நன்கொடைகள்தாம் அதைத் தாங்கின. மணிரத்னம் இயக்கிய ‘நேற்று இன்று நாளை’ மேடை நிகழ்ச்சி அதற்குப் பணம் திரட்டிக் கொடுத்தது. அழைத்துவரப்பட்ட பெண்களில் பலருக்கு மருந்து கொடுத்துச் சில மாதங்கள் போனதும் ஊர் நினைவு திரும்பியது. பெயர் சொன்னார்கள், ஆற்றின் பெயரையோ அம்மன் கோயிலையோ சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு தேடிப்போய் வீட்டில் சேர்க்க முடிந்தது. மும்பைக்கு அருகே கர்ஜத்தில் மருத்துவர் பரத் வாட்வானியின் சிரத்தா மறுவாழ்வு அமைப்பு செய்வதும் இதுதான். அந்த வேலைக்காக அவருக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது. ஒருவரைப் பிகாருக்கோ ஒடிசாவுக்கோ கூட்டிக்கொண்டுபோய் விடுவதற்கு ரயில் கட்டணம் வேண்டும், கூடப் போகிறவருக்குச் சம்பளம் வேண்டும், பிறகு அங்கே மாதாமாதம் மருந்து போய்ச் சேர வேண்டும். நன்கொடை இரசீதில் எடுப்பாகத் தெரியாத செலவுகள் இவை.

வீட்டார் ஏற்றுக்கொள்ளாதவர்கள், வீடே இல்லாதவர்கள் என்ன ஆவார்கள்? 2019-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் கணக்கெடுத்தது. ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே கிடப்பவர்கள் 4,935 பேர். உள்நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல். நோய் கட்டுப்பட்டும் போக இடமில்லாததால் வார்டே வீடாகிப்போனவர்கள் இவர்களில் ஏராளம்.

பான்யன் 2015 வாக்கில் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் இவர்களுக்கானது. பெரிய இல்லம் கட்டவில்லை. சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து வாழ்கிறார்கள். என்ன சமைப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டையும் போடுகிறார்கள், கோயிலுக்கும் போகிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் இருப்பார். பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த பெண், பெரிய படிப்பு எதுவும் இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்றவர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. வேலை கிடைத்து, குடி விட்டு, தேறிய பிறகுதான் வீடு என்ற பழைய வரிசையைப் பின்லாந்து 2008-இல் தலைகீழாக்கி முதலில் வீட்டைக் கொடுத்தது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே 16,000-க்கும் மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை, 2020-களின் தொடக்கத்தில் 4,000-க்கும் கீழே வந்துவிட்டது. பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்பார்கள். சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்களில் பான்யன் வாடகைக்கு எடுத்த வீடுகள் பின்லாந்தில் இல்லையே.

அரசு என்ன செய்கிறது என்று கேட்பது நியாயம். உச்ச நீதிமன்றம் 2010-லிருந்து வலியுறுத்தியதன் பேரில், 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் உறைவிடம் ஓர் அங்கமானது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் அளவில் உறைவிடம், ஆளுக்கு 50 சதுர அடி என்பது அதன் விதியாக இருந்தது. 50 பேர் தங்கும் உறைவிடத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். மாதத்துக்கு 50 ஆயிரம், அதாவது ஒருவருக்கு மாதம் ஆயிரம். அதற்குள் மேலாளர், காவலாளி, துப்புரவு, மின்சாரம் எல்லாம் அடங்க வேண்டியிருந்தது. இராப்பொழுதில் ஒதுங்க இடம் கொடுக்கலாம். மருத்துவமனையில் கூட நிற்க ஆள் கொடுக்க இந்தப் பணம் எங்கே காணும்?

அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கும் ‘நகர்ப்புற’ என்ற சொல் இராஜாக்கமங்கலத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது, அதன் எல்லைக்குள் விதி செல்லுபடியானது. சில மைல் தள்ளி ஊராட்சி ஒன்றியத்துக்குள் வந்துவிட்டால் வீடற்றவர் என்ற வகையே கோப்பில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 17.7 லட்சம் வீடற்றவர்களைக் கண்டது. அவர்களில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் கிராமப்புறத்தில் இருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர். கிராமத்தில் வீடு கட்டித் தரும் திட்டங்கள் உண்டுதான். அவை பட்டா, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு கேட்கின்றன. படிப்புரையில் படுப்பவரிடம் இவற்றில் எது இருக்கும்?

சட்டமும் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை என்கிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டும். காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்து குடும்பத்தைத் தேட வேண்டும். 19-ஆம் பிரிவு, குடும்பம் இல்லை என்பதற்காக யாரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. எந்தக் காவல் நிலையத்துக்கும் திருட்டு, விபத்து, திருவிழாப் பந்தோபஸ்து என்று வேலை நிரம்பியிருக்கும். ஆனால் சட்டத்தை எடுத்துச்சொல்லி, ஜீப்பில் கூடவே ஏறி, மருத்துவமனையில் இரவு தங்க ஊரில் இரண்டு பேர் இருந்தால் அதே நிலையம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இதற்குக் கட்டடம் தேவையில்லை. பெட்ரோல் காசும் பகல் கூலியும் போதும்.

இந்தக் கடற்கரைக்கு வீடு இழப்பது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில் மேலமணக்குடியும் கீழமணக்குடியும் கொட்டில்பாடும் குளச்சலும் கண்ட சாவு எண்ணிக்கையை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை. மணக்குடிப் பாலத்தையே அலை பிய்த்தெறிந்தது. மறுநாளே கோயில்களிலும் பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் உலை கொதித்தது. உள்நாட்டு மலைக் கிராமங்களிலிருந்துகூட அரிசியும் துணியும் வந்தன. துணி வந்து குவிந்த வேகத்தில் உடுத்த ஆளில்லாமல் சாலையோரம் கிடந்ததையும் பார்த்தோம். ஆனால் நிவாரணத்துக்குப் பிறகு நடந்தது வேறு வகை. 2005 தொடக்கத்தில் அரசு ஆணை வந்தது: நிலம் அரசு தரும், வீட்டைத் தொண்டு நிறுவனம் கட்டித் தரும், ஏறத்தாழ 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பீடு, பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும். கோட்டாறு சமூக சேவைச் சங்கம் உள்ளிட்ட பல அமைப்புகள் இந்த ஏற்பாட்டில் வேலை செய்தன. அந்தச் சங்கம் 1960-களிலிருந்தே மீனவர், கயிறு, படகு என்று இந்தக் கரையில் ஊன்றியிருந்ததால், யார் வீட்டில் யார் மிஞ்சினார்கள் என்று சொல்லப் பங்குப் பேரவையும் சங்க உறுப்பினரும் இருந்தார்கள். நன்கொடை உலகின் எந்த மூலையிலிருந்தோ வந்தது. பயன்பட்டது உள்ளூரில் ஆள் இருந்ததால்.

அப்போதும் விடுபட்டவர்கள் உண்டு. வாடகைக்கு இருந்தவர்கள், குடும்ப அட்டையில் பெயர் இல்லாத தனிப் பெண்கள் பட்டியலில் இடம்பிடிக்கவே அல்லாட வேண்டியிருந்தது. குடும்பமாக வீடு இழந்தவருக்கு உதவ நம்மிடம் வழி இருக்கிறது. ஒற்றையாளாக இழந்தவர் எந்தப் பட்டியலிலும் சேருவதில்லை.

ஒற்றையாள் என்றதும் இந்த மாவட்டத்தில் எல்லோர் நினைவுக்கும் வருபவர் மாயம்மா. குமரிக் கடற்கரையில் நாய்கள் சூழ, கந்தல் துணியோடு பல ஆண்டுகள் இருந்தவர். எந்த ஊர் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது; வடக்கிலிருந்து வந்தவர் என்பது ஊகம். சித்தர் என்று மக்கள் வணங்கினார்கள். கடைசிக் காலத்தில் அடியவர்கள் அவரைச் சேலத்துக்கு அழைத்துப்போனார்கள். 1992-இல் அங்கே மறைந்தார். அவரை வணங்குபவர்களின் நம்பிக்கையைப் பற்றிப் பேச இங்கே எதுவும் இல்லை. பல ஆண்டுகள் அவருடனேயே இருந்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் கவனத்துக்குரியது. சித்தர் என்று ஊர் ஒப்புக்கொள்ளாத மற்ற மாயம்மாக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நன்கொடை பற்றிப் பேசும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய பதிவில்லாமல் இயங்கிய ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். காணாமல் போனவர்கள், பாலியல் கொடுமை என்று எழுந்த புகார்களை சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு எடுத்தது. அங்கேயும் நல்ல மனிதர்கள் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போட்டிருப்பார்கள், படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வருஷத்தில் ஒருநாள் இலை போட்டுவிட்டு வருபவர் கண்ணில் பூட்டிய அறை படுவதில்லை. மனநோயாளிகளை வைத்திருக்கும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, எத்தனை பேர் இருக்கிறார்கள், போன ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுப்பது அவமரியாதை ஆகாது. கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இல்லத்துக்குக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டேன், சோற்றுக்குத்தான் கொடுப்பேன் என்பது நம் ஊர்ப் பழக்கம். அரிசி மூட்டை கண்ணுக்குத் தெரிகிறது, சம்பளம் யாரோ தின்றதுபோலத் தோன்றுகிறது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைத்ததும் ஏறக்குறைய இதே மனப்போக்குத்தான். வெளிநாட்டுப் பணம் வரும் குழாய் இப்படிச் சுருங்கும்போது, ஊர்க் காசுக்கு முன்னைவிட வேலை கூடியிருக்கிறது. பராமரிப்பில் சம்பளம்தான் தருமம், மற்றதெல்லாம் சாமான்.

பக்கத்துக் கேரளத்தில் இதை வேறு துறையில் செய்து காட்டிவிட்டார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு, பிறகு மலப்புறத்தில் அக்கம்பக்கத்து வலைப்பின்னலாகப் பரவியது. படுத்த படுக்கையானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் தாதிக்கும் வண்டிக்கும் ஆன செலவைக் கடைக்காரர்கள், பேருந்து ஊழியர்கள், கூலித் தொழிலாளர்கள் சின்னச் சின்னத் தொகையாகத் தாங்கினார்கள். பெரும் பணக்காரர் ஒருவரை நம்பி இருக்கவில்லை; அதனால் ஒருவர் கை சுருங்கியபோது வேலை நின்றுபோகவில்லை.

இராஜாக்கமங்கலத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பெண்கள் தங்க ஒரு வாடகை வீடு. மாதம் ஏழாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மாறி மாறி இருக்க உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். சாப்பாடு, சோப்பு, மின்சாரம், ஆசாரிப்பள்ளத்துக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரம். மொத்தம் 48 ஆயிரம். மாதம் 160 ரூபாய் கொடுக்க 300 வீடுகள் வேண்டும். வளைகுடா நாடுகளிலிருந்து மாதந்தோறும் பணம் வரும் வீடுகள் இந்த ஒன்றியத்தில் எத்தனை என்று அஞ்சலகத்திலும் வங்கியிலும் கேட்டால் சொல்வார்கள். மூன்று கோயில் கமிட்டிகள், இரண்டு பங்குகள், ஒரு ஜமாத் தலைக்கு ஐம்பது வீட்டைச் சேர்த்துக்கொடுத்தால் கணக்கு முடிந்தது. எந்த மதத்துக்காரர் நடத்துவது என்ற சண்டை வராமலிருக்கவும் அதுவே வழி.

உள்ளே வந்த பெண்ணுக்கு முதல் மூன்று மாதம் தூக்கமும் மருந்தும். பிறகு ஆதார், வங்கிக் கணக்கு, அப்புறம் முதியோர் அல்லது ஆதரவற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம். 2023-இல் அது ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயானது. கைவேலைக்கும் வெளியே தேட வேண்டாம். ஈத்தாமொழித் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, கயிறு திரிக்கும் கொட்டகைகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஓடுகின்றன. அரைநாள் வேலை, உட்கார்ந்து செய்யலாம், பேச்சுத் துணைக்கு நாலு பெண்கள் இருப்பார்கள். மனநலம் தேறி வருபவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையைவிட அந்த நாலு பெண்கள் குறைந்தவர்கள் இல்லை.

ஊராட்சி செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பயன்படாமல் கிடக்கும் கட்டடம் எதையாவது கொடுப்பது, இல்லையென்றால் வாடகை வீட்டுக்காரர் பயப்படாமலிருக்கத் தலைவர் பொறுப்பேற்பது. அடுத்த கிராம சபையில் குடிநீர், தெருவிளக்குக்குப் பிறகு இதையும் ஒரு தீர்மானமாக வைக்கலாம். நிழற்குடையில் இப்போது இருப்பவர்களின் எண்ணிக்கையை வார்டு வாரியாக எழுதி, யார் கையெழுத்தில் அவர்களை ஆசாரிப்பள்ளத்தில் சேர்ப்பது, முதல் வாரம் இரவு யார் தங்குவது என்று இரண்டு பெயர்களையும் அந்தத் தீர்மானத்திலேயே குறித்துவிட வேண்டும்.